பொருத்தம் பார்த்த அட்டை

சோய் வெங்குக்குப் போக்கர் சீட்டாடுவதுதான் பிழைப்பு. அவள் காதலன் கா ஹோவுக்கு அதுகூட இல்லை. இருந்தும் கல்யாணத்துக்கு அவன் அப்பா லெய்தான் தலையாட்ட வேண்டுமாம்.

"சீட்டாடுறவ எனக்கு மருமகளா? நான் அரசாங்க ஊழியன். மக்காவ்ல நாங்க சூதாட்ட விடுதிப் படிய மிதிச்சாலே வேலை போயிடும். அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல!" தேநீர்க் கடையே அதிரக் கத்தினார் லெய்.

"ஜோசியர் பொருத்தம் பாத்துக் குடுத்திருக்காருப்பா. அதையாச்சும் பாருங்க." கா ஹோ அந்த அட்டையைக் கவிழ்த்து அவர் முன் தள்ளினான்.

லெய் இரண்டு கைகளாலும் அட்டையைப் பொத்தினார். கட்டைவிரலால் ஒரு முனையை மட்டும் லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பழையபடி படியவிட்டு, அதன்மேல் சோயா சாஸ் கிண்ணத்தை வைத்தார்.

"பொருந்தல."

பக்கத்து நாற்காலியில் இருந்த சோய் வெங் அவர் காதருகே குனிந்தாள். "அங்கிள், ஜாதகத்த யாரும் இப்படிப் பாக்க மாட்டாங்க. கைக்கு வந்த சீட்ட நாங்கதான் இப்படிப் பொத்திப் பாத்து, மேல பாரமும் வெப்போம். எந்த விடுதியில ஆடுறீங்க?"

லெய் தன் கைகளையே வெறித்தார். பிறகு, மெல்ல அவள் கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

"ரொம்பப் பொருத்தம். கல்யாணத்துக்கு நாள் பாருங்க."

"அப்போ அட்டையக் காட்டுங்க, அங்கிள்."

அவர் அதைச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டார்.

"பந்தயம் கட்டாம சீட்டக் காட்டச் சொன்னா எப்படிம்மா?"