தொடுப்பு

"தங்கச்சி, நம்ம மொதலாளிக்கு ஒரு தொடுப்பு இருக்கு!"

வேன் டிரைவர் அழகன் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பூரணிக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஒண்ணுகூட இல்லண்ணே. அதுக்குத்தானே தெனமும் ஏச்சு வாங்குறேன்."

"நீ எந்தத் தொடுப்பைச் சொல்ற?"

"ஒரு வெப்சைட்டுல இருந்து இன்னொரு வெப்சைட்டுக்கு வழி போட்டு வைப்பாங்கல்ல, லிங்க்கு. அதைத் தமிழ்ல தொடுப்புன்னுதான் எழுதுறாங்க."

"அட நீ வேற! நான் சொல்றது நெசத் தொடுப்பு. பொம்பளத் தொடுப்பு."

பூரணியின் சிரிப்பு நின்றுபோனது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நல்லமுத்துவின் கொமினிக்கேஷன் கடை. போன் பேசலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம், வாடகைக்கு வேன், அதாவது ஹயர், பிடிக்கலாம். இன்டர்நெட் வந்த புதிதில் ஊரோடு சேர்ந்து அவரும் ஒரு வெப்சைட் ஆரம்பித்தார். வேன் படமும் போன் நம்பரும் போட்டார். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"சும்மா வேனைக் காட்டினா யாரு மொதலாளி வருவா? நாலு பேருக்குப் பிரயோசனமா ஏதாச்சும் இருந்தாத்தான் மத்தவங்க நமக்குத் தொடுப்புக் குடுப்பாங்க" என்று சொல்லிப் பூரணிதான் ஒரு பக்கம் எழுதினாள்.

மலையகத்தில் ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர். துரைமார் வைத்த இங்கிலீஷ் பேர் போர்டில் இருக்கும். சனங்கள் வைத்த தமிழ்ப் பேர் வாயில் இருக்கும். ஒன்று தெரிந்தவனுக்கு மற்றது தெரியாது. பூரணி கடைக்கு வருகிறவர்களையெல்லாம் நச்சரித்துக் கேட்டு, இரண்டு பெயரையும் அடுத்தடுத்துப் போட்டாள். எங்கே இறங்கி எந்த பஸ் ஏறணும் என்பதுவரை எழுதினாள்.

நல்லமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"தோட்டத்துப் பேரெல்லாம் சோறு போடுமா? அதைப் பாத்து ஒரு ஹயர் வந்துச்சா? வருசப் பொறப்புக்குள்ள உன் தொடுப்பு வரல, பக்கத்தைத் தூக்கிருவேன், பாத்துக்க!"

வாய் ஓயாத மனிதர். பக்கத்தைக் குப்பை என்பார். ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் அந்தக் குப்பையிலேயே குற்றமும் கண்டுபிடிப்பார்.

"ஆனைக்கல்லுன்னு ரெண்டு தோட்டம் இருக்கு, புள்ள! ஒண்ணு அக்கரப்பத்தனைப் பக்கம், ஒண்ணு இறம்பொடைப் பக்கம். நீ ஒண்ணை மட்டும் எழுதி வச்சிருக்க. மனுசன் அலையிறதா?"

பூரணி முணுமுணுத்துக்கொண்டே திருத்துவாள்.

இப்போது அழகன் விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். "ஞாயித்துக்கெழமை ஆனா என்கிட்ட வேன் சாவியை வாங்கிக்கிறாரு. 'நீ வர வேணாம், நானே ஓட்டிக்கிறேன்'ங்கிறாரு. திரும்பி வந்தா டயரெல்லாம் தோட்டத்துச் சேறு. ஹயர் காசுன்னு ஒரு சல்லி இல்ல. சனிக்கிழமை சீட்டுக்கடியில சேலைப் பார்சல் பாத்தேன். இன்னைக்குக் காணோம்! பொண்டாட்டி செத்த மனுசன் யாருக்குச் சேலை வாங்குறாரு, சொல்லு பாப்போம்?"

பூரணிக்கு அருவருப்பாக இருந்தது. இந்தப் பேச்சு அவள் வீடிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அம்மா அவளை ஒரு நாள்கூட இந்தக் கடைக்கு அனுப்ப மாட்டாள்.

புதன்கிழமை, வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்தாள். வாசலில் நின்ற அழகனிடமும் அதைச் சொன்னாள். பக்கத்தை விட்டுப் போகத்தான் மனசு கேட்கவில்லை. பாடுபட்டுச் சேர்த்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டாள்.

ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான பேர் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள்! எல்லாரும் ஓர் இந்திய வெப்சைட்டிலிருந்து வந்தவர்கள். அதைத் திறந்தாள். கூடலூரிலிருந்து யாரோ எழுதியிருந்தார்.

"எங்கள் அம்மா சிலோனை விட்டுக் கப்பலேறியபோது தங்கச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் 'ஆனைக்கல்லு' என்ற பேர் மட்டும்தான். இந்தப் பக்கத்தில் பார்த்து, அதிலிருந்த நம்பருக்குப் பேசினோம். கடைக்காரர் தானே வேனை எடுத்துக்கொண்டு போனார். முதல் தடவை தவறான ஆனைக்கல்லுக்குப் போய்விட்டாராம். அடுத்த வாரம் சரியான இடத்துக்குப் போய்ச் சித்தியைத் தேடிப் பிடித்து, தன் செல்போனிலேயே அம்மாவோடு பேச வைத்தார். அக்கா கொடுத்தது என்று சொல்லிச் சித்திக்கு ஒரு சேலையும் கொடுத்தாராம். ஹயர் எவ்வளவு என்று கேட்டோம். சொல்லவே மாட்டேன் என்கிறார். சொந்தங்களைத் தேடுகிறவர்கள் எல்லாரும் இங்கே போய்ப் பாருங்கள்."

கீழே, பூரணி எழுதிய பக்கத்துக்குத் தொடுப்பு.

பூரணி சட்டென்று எழுந்து திரும்பினாள். வாசலில் நல்லமுத்து யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, நமக்குத் தொடுப்பு வந்திருச்சு!"

"மெதுவாச் சொல்லு புள்ள, ரோட்டுல ஆளுக போறாங்க!" என்று ஓடி வந்தவர், ஸ்கிரீனைப் படித்துவிட்டுத் திருட்டு முழி முழித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மொதலாளி?"

"நீ பஸ் ஏறிப் போன பொறகுதானே இந்தியாவுல இருந்து போன் வருது. அங்க ஒரு பொம்பள அழுவுறா. இங்க வேன் சும்மா நிக்குது. என்னைய என்ன பண்ணச் சொல்ற? வாரா வாரம் ஒரு ஆள் இப்பிடிச் சொந்தத்தைத் தேடித் தரச் சொல்லிக் கேக்குது..." தலையைச் சொறிந்தார். "டவுன்ல சொல்லித் தொலைச்சிராத. அப்பறம் ஹயருக்கு எவன் காசு குடுப்பான்?"

அவர் வெளியே போனதும் அழகன் மெல்ல வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, வேலைய விடுறேன்னு சொல்லிட்டியா?"

"இல்லண்ணே." பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வர்ற ஞாயித்துக்கெழமை நானும் மொதலாளியோட போறேன், நீங்களும் வாங்க. நீங்க சொன்னது சரிதான். அது நெசத் தொடுப்பு!"