சுவரிடம் சொன்ன புகார்

வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டு, சுவர்களே காண்ட்ராக்டர்களுக்கு வாடிக்கையாளரை விற்கும் காலம். சுவரிடம் ஒருமுறை புலம்பினால் போதும், கன்னியாகுமரி வரையுள்ள கொத்தனார்கள் செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவருவார்கள்.

காண்ட்ராக்டர் தணிகைவேலுவுக்கு மூன்று மாதமாக வேலையில்லை. "சமையலறை ஒழுகுகிறது, வீட்டுக்கார அம்மா கொதிக்கிறார், இன்றே முடிவு" என்று ஏதோ ஒரு சுவர் விற்ற தகவலை, மோதிரத்தை அடகுவைத்து வாங்கினார். பணம் கட்டிய பிறகுதான் முகவரி தெரியும். தெரிந்தது: அவர் வீடேதான்!

பதறிப்போய் வந்தால், வாசலில் மூன்று போட்டியாளர்கள்.

"கோமளா, என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி!"

"ரெண்டு வருஷமா சொன்னேன். செவுத்துக்கிட்ட ஒரே தடவைதான் சொன்னேன். நாலாவதா நில்லுங்க."

"நான் ஓசியிலேயே செஞ்சு தர்றேன்!"

"ஓசி வேலைக்கு நீங்க வரமாட்டீங்கன்னுதானே செவுத்துக்கிட்ட போனேன்? பேசாம முதல்ல வந்தவருக்கு ஏணியைப் பிடிங்க."