தரையில் விழுந்த துளி

"மொதல்ல அந்தத் தண்ணிய ஒங்க பல்லுல தடவிக் காட்டுங்க" என்கிறாள் சொர்ணவல்லி. விராலிமலைக் கடைத்தெருப் பல் வைத்தியரின் கையிலிருக்கும், பல் வெளுக்கும் மருந்தில் தோய்த்த பஞ்சுக் குச்சி, அவள் உதட்டருகே அப்படியே நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் அப்பா ஆத்மநாதனின் முகம் கறுக்கிறது. "வாயத் தொறந்தாப் போதும், பேசாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே கூட்டியாந்தேன்!" ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஏற்றிய பழுப்பு அவள் பற்களில் திட்டுத்திட்டாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வைத்தியர் சிரிக்கிறார். "எம் பல்லு வெள்ளையாத்தான இருக்கு தாயி? பி.ஏ. படிச்ச புள்ள இப்புடிப் பயப்படலாமா?" பயம்தான். முதலில் தேய்த்த ஒற்றைப் பல் வெளுத்துவிட்டது. ஆனால் நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது, அந்தப் பல் உமியைப் போலச் சொரசொரக்கிறது. மலைமேல் மயில் ஒன்று அகவுகிறது. குச்சியிலிருந்து சுண்ணாம்புக் காரைத் தரையில் ஒரு துளி சொட்டுகிறது. தரை சீறுகிறது. நுரை பொங்கி அடங்கிய இடத்தில் மிளகளவு குழி. மூன்று பேரும் அதையே பார்க்கிறார்கள். "அது தரைம்மா, பல்லு வேற" என்கிறார் வைத்தியர். அப்பா மெல்ல அவள் மோவாயைப் பிடிக்கிறார். "செத்த பொறுத்துக்க ஆத்தா. இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?" சொர்ணவல்லி அந்தக் கையை விலக்கிவிட்டு எழுகிறாள். "வெள்ளைப் பல்லுதான் வேணும்னா வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்கப்பா. எனக்குச் சோறு திங்கப் பல்லு வேணும்." அந்தக் குழியை மிதிக்காமல் தாண்டி, வெயிலில் இறங்கி நடக்கிறாள்.