வெளிநாட்டுக் கட்டணம்

கன்னையா லட்டுப் பெட்டியை வங்கி கவுன்ட்டரின் மேல் வைத்தார்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாணி பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் மனுஷன் அவளை வறுத்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சண்டை ஒரு சதவீதத்துக்காக. மகன் ஜீவன் மெல்பர்னில் படிக்கிறான். கன்னையாவின் கணக்கிலேயே அவனுக்கும் ஒரு கிரெடிட் கார்டு. அவன் அங்கே காப்பி குடித்தாலும் ரொட்டி வாங்கினாலும், இங்கே கிள்ளானுக்கு வரும் மாதக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் கீழே தனியாக ஒரு வரி இருக்கும். வெளிநாட்டுக் கட்டணம்.

என் பிள்ளை சாப்பிடுகிற சோற்றில் நீங்கள் எதற்குக் கை வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். டயர் கடை வைத்திருக்கிறவர்; பேரம் பேசாமல் ஒரு நட்டுகூட வாங்கியதில்லை. தப்பித்தால் போதும் என்று வாணி, மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றிருந்தாள்.

இந்த மாதக் கணக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். முதல் சில வரிகளுக்குப் பிறகு அந்தக் கட்டணம் ஓர் இடத்தில்கூட இல்லை.

ஜீவன் என்ன வாங்கினான், எந்தக் கடையில் வாங்கினான் என்பதையெல்லாம் அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. வயசுப் பிள்ளை, சாப்பிடட்டும். அவர் கண்ணுக்குக் கட்டணம் மட்டும்தான் பகை.

நான் போட்ட சத்தத்தில் பேங்கே பணிந்துவிட்டது என்று மனைவி மலரிடம் மார்தட்டினார். நெஞ்சில் ஆபரேஷன் ஆன அவளுக்குத் தையல் இன்னும் ஆறவில்லை. சிரித்தால் இழுக்கும் என்று மலர் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணை அவ்வளவு திட்டினீர்களே, ஒரு இனிப்பாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியதும் அவள்தான்.

ஆபரேஷனுக்கு ஜீவன் வரவில்லை. டிக்கெட் நான் போடுகிறேன் என்று கன்னையா கெஞ்சாத குறையாகச் சொல்லியும், பரீட்சை இருக்கிறது என்றுவிட்டான். ஆபரேஷனுக்கு முதல் நாள் வீடியோவில் மட்டும் வந்தான். கழுத்துவரை ஜிப் போட்ட குளிர் ஜாக்கெட், நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ என்று, ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட மலர் அதையேதான் கேட்டாள்.

வாணி கம்ப்யூட்டரைத் தட்டினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் காணாமல் போனது.

“அங்கிள், ஃபீஸ நாங்க தள்ளுபடி பண்ணலை. இது ஓவர்சீஸே இல்லைலா. எல்லாம் சுபாங் ஜெயால செலவு பண்ணியிருக்கு.”

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கடைசியாகக் கட்டணம் விழுந்தது மெல்பர்ன் விமான நிலையத்தில் குடித்த ஒரு காப்பிக்கு. அதற்குப் பிறகு எல்லாமே உள்ளூர் ரிங்கிட். சினிமா தியேட்டர். காலணிக் கடை. மறுபடியும் சினிமா.

கன்னையா விரலை வைத்துத் தேதிகளைத் தேடிக்கொண்டே இறங்கினார். ஆபரேஷன் நடந்த நாளில் விரல் நின்றது. அன்றைக்கு ராத்திரி ஒரு கொரியக் கடையில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறான். நாலு பேர் சாப்பிடுகிற தொகை.

கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயாவுக்கு அரை மணி நேரம். கன்னையாவின் லோரி டயர் ஏற்றிவர வாரம் இரண்டு முறை அந்த வழியாகத்தான் போகிறது.

பெற்றவள் உயிரோடு எழுந்து வருவாளோ மாட்டாளோ என்று அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த ராத்திரி அது.

வாணியும் விமான நிலையத்துக் காப்பியைப் பார்த்திருந்தாள். மகன் வந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, யாராவது கார்டு நம்பரைத் திருடியிருப்பார்களோ, நிறுத்திவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

கன்னையா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆமாம்மா. எவனோ திருட்டுப் பய. என் மகன் மெல்பர்ன்லதான் இருக்கான். பிளாக் பண்ணிடு.”

போலீஸ் புகார் எல்லாம் வேண்டாம் என்றார். தின்றவன் தின்றுவிட்டுப் போகட்டும், அந்தக் காசைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். திருடன் தின்றதற்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று வாணி கேட்கவில்லை. நாலைந்து தட்டலில் காரியம் முடிந்தது.

புதிய கார்டை எங்கே அனுப்ப வேண்டும், கிள்ளான் வீட்டுக்கா என்றாள்.

வீட்டுக்கு வருகிற தபாலையெல்லாம் பிரிப்பது மலர்.

கன்னையா மெல்பர்ன் முகவரியைச் சொன்னார். வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு எதிலும் தடுமாறவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு டின்னின் மேல் அவர் கையால் எழுதி அனுப்பிய முகவரி.

வாணி எழுதிக்கொண்டாள். பிறகு போன மாதத்து ஞாபகத்தில் கொஞ்சம் தயங்கினாள்.

“வெளிநாட்டுக்கு அனுப்ப தனியா சார்ஜ் வரும், அங்கிள்.”

எவ்வளவு என்று கன்னையா கேட்கவில்லை.

“போட்டுக்கம்மா,” என்று சொல்லி, லட்டுப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார்.