மரியாதை

மகளின் ஹால் டிக்கெட்டைக் காணோம். தேர்வுக்குக் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. அதை வாங்கி வைத்தவள் தமயந்தி. மகள் அழத் தொடங்கிவிட்டாள். மன ஒருமைப்பாடு பற்றி மூன்று நூல்கள் எழுதிய கணவர் ஞானவரதன், "மனம் என்பது குதிரை, தமயந்தி..." என்று நாற்காலியில் சாய்ந்தபடி நான்காவதைத் தொடங்கினார்.

"எருமை, எங்கடி வெச்சுத் தொலைச்ச?" என்று நாற்பது வருடமாகத் தன்னையே திட்டிவந்தவள் தமயந்தி. எருமை ஒருநாளும் பதில் சொன்னதில்லை. போன மாதம் டாக்டர், இது சோம்பல் இல்லை, ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு என்றார். "உங்ககிட்ட நீங்களே கொஞ்சம் மரியாதையாப் பேசுங்கம்மா" என்றும் சொன்னார். தமயந்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சமையலறை நடுவில் கண்ணை மூடி நின்றாள்.

"மேடம், பதறாதீங்க. டிக்கெட்டை வாங்கினப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மகள் அழுகையை நிறுத்தினாள்.

"மாவை உள்ள வெச்சுட்டிருந்தேன்." அதே வாய்தான் பதில் சொன்னது. ஆனால் அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

"அப்ப அங்கேயே பார்த்துருங்களேன், மேடம்."

பிரிட்ஜைத் திறந்தாள். மாவுப் பாத்திரத்துக்கு அடியில் டிக்கெட் சில்லென்று படுத்திருந்தது.

ஞானவரதன், ஏனென்று தெரியாமலே, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.