தொட்டுப் பார்க்காத வைத்தியம்

“தொட்டுப் பாக்காம அதென்னம்மா வைத்தியம்? நீயெல்லாம் ஒரு டாக்டரா?”

பேரையூரிலிருந்து விருமாண்டி போட்ட சத்தம், மதுரை ஆஸ்பத்திரியில் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் சுஃபியாவின் காதைக் கிழித்தது.

விருமாண்டியின் மனைவி அன்னக்கொடிக்கு முதுகில் கட்டி. சுஃபியாதான் அறுத்துத் தையல் போட்டார். வீட்டுக்கு அனுப்பி எட்டு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து காய்ச்சல். ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் கொரோனாவுக்குப் போய்விட்டது. ஆபரேஷன் ஆனவர்களை வீடியோ காலில்தான் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

“அண்ணே, கத்தாம கேளுங்க. தையலைச் சுத்திச் சிவந்திருக்கு. உள்ள சீழ் கட்டியிருந்தா இப்பவே ஆம்புலன்ஸ் அனுப்பி இங்க கூட்டிட்டு வரணும். பக்கத்துல ரெண்டு விரலை வச்சு லேசா அமுக்குங்க. சீழ் வருதான்னு பாப்போம்.”

“நான் அமுக்கவா? அறுக்கிறப்ப மட்டும் ஒனக்குக் கை வந்துச்சுல்ல? இப்ப தொட்டுப் பாக்கக் கை வரலையாக்கும்!”

“சரி, போனையாவது ஆட்டாம கிட்ட கொண்டு போங்க.”

“இதான் கிட்ட!”

படம் குலுங்கிக் கூரையைக் காட்டியது. ஓர் ஆட்டுக்குட்டியைக் காட்டியது. மறுபடியும் முதுகுக்கு வந்தது. அன்னக்கொடி குப்புறப் படுத்திருந்தாள்.

சுஃபியாவுக்கும் ஆத்திரம் பொங்கியது. தான் போட்ட தையலைத் தானே தொட்டுப் பார்க்க முடியாத எரிச்சல் அவருக்கு மட்டும் இல்லையா என்ன?

“அவங்களுக்குக் கொரோனா இல்லைன்னு டெஸ்ட் எடுத்துக் கையில குடுத்துத்தானே அனுப்பினேன்? பயப்படாம தொடுங்கண்ணே.”

“யாருக்குப் பயம்? எனக்கா? பயமெல்லாம் ஒங்களுக்குத்தான்! ஏசி ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வீராப்பு வேற. நோயாளின்னா மனுசன் இல்லையா? கிட்ட வந்து தொட்டு, ‘ஒண்ணுமில்ல தாயி, சரியாப் போயிரும்’னு ஒரு வார்த்தை சொன்னா, பாதி நோவு அப்பவே போயிருமே! அம்புட்டு ஈரம்கூட ஒங்க நெஞ்சுல இல்லையே!”

வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் நாலு பேர், “நல்லாக் கேட்டாருப்பா!” என்றார்கள். விருமாண்டிக்கு இன்னும் குரல் ஏறியது.

“பேசும்மா! வந்து தொடுவியா, மாட்டியா?”

அப்போதுதான் அன்னக்கொடி தலையைத் தூக்கினாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

“டாக்டரம்மா, நீங்க ஆம்புலன்ஸையே அனுப்பிருங்க. ஆஸ்பத்திரி போயிட்டு வந்தவன்னு எட்டு நாளா இந்த ஆட்டுக் கொட்டாயிலதான் போட்டு வச்சிருக்காக. ஒருத்தரும் வாசப்படி தாண்டலை. இப்பவும் எங்க வீட்டுக்காரரு வெளிய நின்னுக்கிட்டு, தழை பறிக்கிற தொரட்டிக் கம்பு நுனியிலதான் போனைக் கட்டி நீட்டிக்கிட்டு இருக்காக. என் முதுகைத் தொடணும்னா, மதுரையில இருந்துதான் ஆள் வரணும்.”