தடித்த கறுப்புப் பிரேம்

"பிள்ளை, கண்ணாடியைப் போடு. மாப்பிள்ளை வீட்டார் படலையடிக்கு வந்திட்டினம்."

இரத்தினேஸ்வரியின் தங்கச்சி குசினி வாசலில் நின்று மகளை அவசரப்படுத்தினாள். கோணேஸ்வரி தடித்த கறுப்புப் பிரேம் கண்ணாடியை எடுத்து மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

அவளுக்குக் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்றுகொண்டு உள்துறைமுகத்துக் கப்பலின் பெயரை வாசிப்பாள். போட்டிருப்பது வெறும் கண்ணாடி. அதோடு எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அபுதாபியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துப்போனது. படித்த களை இருக்கிறதாம்.

பெரியம்மா இரத்தினேஸ்வரி தேத்தண்ணித் தட்டைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். விடியற்காலை தொடங்கி வேலை செய்து இடுப்பு முறிந்துபோயிருந்தது. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போய்விட்டன. இதுவும் போனால் தங்கச்சி படுக்கையில் விழுந்துவிடுவாள். அவளைத் தூக்கி நிறுத்துவதும் பெரியம்மாவின் வேலைதான்.

இரத்தினேஸ்வரியின் மூக்கில் இருந்ததும் அதே தடித்த கறுப்புப் பிரேம். ஆனால் அது பதினெட்டு வயதில் ஏறியது.

அந்தக் காலத்தில் டொக்டரும் வழக்குப் பேசும் பிரக்கிராசியும்தான் அதைப் போடுவார்கள். ஆம்பிளை முகத்தில் அது அந்தஸ்து. ஒரு குமர்ப்பிள்ளை போட்டால் கண் பழுதென்று ஊர் கதைக்கும். பிறகு ரீச்சர்மாரும் போட்டார்கள், கதை கொஞ்சம் அடங்கியது. பிறகு மெல்லிய தங்கக் கம்பிப் பிரேம் வந்தது. கறுப்பைப் போட்டவளெல்லாம் கிழவியாகிப்போனாள்.

வெளிநாட்டுச் சாமான் வராத வருடங்களில் புதிது வாங்க வழியில்லாமல், கண்ணாடியின் முறிந்த காலை நூலால் சுற்றிப் போட்டுக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போனாள். இப்போது எண்பதாம் ஆண்டில் கடைகளில் எல்லாம் வந்து குவிந்துகிடக்க, நன்றாகக் கண் தெரிகிற குமருகள் தேடித் தேடி வாங்குவது அந்தப் பழைய கறுப்பைத்தான். என்ன கூத்து இது என்று நினைத்தாள். சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

அவளையும் ஐந்து பேர் பெண் பார்க்க வந்தார்கள். ஐந்து தரமும் அப்பா கண்ணாடியைக் கழற்றி வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஐந்து பேரில் ஒருவருடைய முகத்தைக்கூட அவள் கண்டதில்லை. வெள்ளையாக ஒரு வேட்டி, கறுப்பாக ஒரு தலை, அவ்வளவுதான். ஐந்தும் தட்டிப்போய், கலியாணம் என்ற பேச்சே நின்றுபோனது.

மாப்பிள்ளையின் தகப்பனும் தாயும் உள்ளே வந்து கதிரைகளில் இருந்தார்கள். தகப்பன் தங்கத்துரை மட்டக்களப்புக்காரர். வழுக்கைத் தலை, கலகலப்பான ஆள். கோணேஸ்வரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பிள்ளை கண்ணாடியோட வந்தது எனக்குச் சரியாப் பிடிச்சிருக்கு. ஒளிவுமறைவு இல்லை."

தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள்.

"இனி அந்தக் கதையைத் தொடங்கிப்போடுவார். போற வீடெல்லாம் இதுதான்," என்று அவருடைய மனைவி சலித்துக்கொண்டாள்.

அவர் தொடங்கியே விட்டார்.

"ஐம்பத்தாறில நான் இஞ்ச துறைமுக டொக்யாட்டில வேலை. ஓர்ஸ் ஹில்லில ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனனாங்கள். பிள்ளை தேத்தண்ணியை ஸ்டூலில வைக்கிறன் எண்டு நினைச்சு என்ர மடியில வைச்சுப்போட்டுது! கண் தெரியாததை மறைச்சுத் தலையில கட்டப் பார்க்கினம் எண்டு அம்மா எழும்பிட்டா. பிறகுதான் கேள்விப்பட்டன், கண்ணாடி போட்டால் வடிவாத் தெரியுமாம். அதுக்குள்ள எனக்கும் இவவுக்கும் கலியாண எழுத்து முடிஞ்சிட்டுது. அண்டைக்குக் கண்ணாடியோட வந்திருந்தா நான் ஓம் எண்டிருப்பன்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். அன்றைக்கு ஓர்ஸ் ஹில் வீட்டில் பழந்துணியோடு ஓடிவந்து நிலத்தைத் துடைத்த பதின்மூன்று வயதுப் பிள்ளை அவள்தான்.

இரத்தினேஸ்வரி தட்டோடு நின்றாள். மூன்றாவதாக வந்தவர் இவர். கொதிக்கக் கொதிக்க மடியில் கொட்டியும், "சுடேல்லை, சுடேல்லை" என்று சொன்னவர். ஐந்து பேரில் அவளோடு கதைத்தவர் அவர் ஒருவர்தான். அந்த முகம் எப்படி இருக்கும் என்று இருபத்துநான்கு வருடமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

இப்போது பார்த்தாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கன்னத்தில் சின்னதாக ஒரு மச்சம்கூட இருந்தது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவர் கண்டது கண்ணாடி இல்லாத இருபது வயதுக்காரியை.

தங்கச்சி கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா வாயைத் திறந்தால் போதும், மறைத்துக் கட்டிக்கொடுக்கிற குடும்பம் இதுதான் என்று இந்த மனிதர் எழும்பிப் போய்விடுவார். கோணேஸ்வரி ஒன்றும் அறியாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தங்கத்துரை இரத்தினேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் இந்த ஊர்தானே. அந்தப் பிள்ளையைத் தெரியுமோ?"

அவரை விட ஏழெட்டு வயது இளையவள் அவள்.

"ஓம், தெரியும்," என்றாள். "அடுத்த வருசமே கலியாணம் முடிஞ்சுது. நல்ல இடம்."

அவர் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார். "அப்பாடா. கனகாலம் மனசில கிடந்து உறுத்தினது. பிள்ளையள் இருக்கோ?"

"மூண்டு," என்றாள் இரத்தினேஸ்வரி.

பிறகு, "மூத்தது டொக்டருக்குப் படிக்குது," என்றும் சொன்னாள்.